வலை இழுத்த பிறகு மீன்களுக்குப் புண் வருவது ஏன்?

கேள்வி: குளத்தில் கெண்டை வளர்க்கிறேன். வலை இழுத்துத் தரம் பிரித்து விட்ட சில நாட்களில் பல மீன்களுக்கு உடலில் புண் வருகிறது. தீவனத்தில் பெப்டைடு பொடி கலந்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பொடி இருக்கட்டும், முதலில் உங்கள் வலையைப் பாருங்கள். முடிச்சுப் போட்ட, சொரசொரப்பான வலை என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மீனின் மேல் வழவழவென்று இருக்கும் வழும்பைப் பலர் தொல்லையாகத்தான் நினைக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைக்கும் பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு, அங்கே இலவசமாகச் சுரக்கிறது. 1997இல் ஒரு தட்டைமீனின் வழும்பிலிருந்து பிளூரோசிடின் என்ற பெப்டைடைப் பிரித்தார்கள். புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்கள் 25 கோத்த சிறு சங்கிலி அது. ஆனால் எனக்குப் பெரிய வியப்பு, அதற்கு அடுத்த ஆண்டு ஒரு வகைக் கெளுத்தியில் கண்டறிந்த பாராசின்தான். தோலில் காயம் பட்டதும் அங்குள்ள நொதி ஒன்று விழிக்கிறது. டிஎன்ஏவைச் சுற்றி வைக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் நுனியிலிருந்து 19 அமினோ அமிலங்களை அது நறுக்கி எடுக்கிறது. அந்தத் துண்டே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தாகிவிடுகிறது.

இவை கொல்லும் விதம் எளிமையானது. பெப்டைடில் நேர்மின்னூட்டம் மிகுதி. பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் எதிர்மின்னூட்டம் மிகுதி. போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைக்கிறது, பாக்டீரியாவின் உள்ளடக்கம் கசிந்து வெளியேறுகிறது. மீனின் சொந்தச் செல்களில் வெளிப்புற மின்னூட்டம் ஏறக்குறைய நடுநிலை என்பதால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. குளிர்ந்த நீரில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்க வைக்கும் கருவிகளுள் இவை முக்கியமானவை.

உலர்ந்த கையால் பிடித்தாலோ வலையில் உரசினாலோ இந்தப் படலம் வழிந்துபோகிறது. நெருக்கடியில் மீனின் உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுவதால் எதிர்ப்பும் தளர்கிறது. அந்த இடைவெளியில்தான் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா நுழைந்து புண்ணாக்குகிறது.

பொடிக்கு வருவோம். பெப்டைடும் புரதத் துண்டுதான். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது என்றாலும் அதன் குடல் நொதிகள் பெரும்பாலான பெப்டைடுகளை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். குடல் நலத்தில் சில வகைகள் பயன் தரலாம். தோல் புண்ணுக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏதாவது கலந்தே ஆக வேண்டும் என்றால் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கன் மேல். அது மீனின் சொந்த எதிர்ப்பைத் தூண்டும். தரம் பிரிப்பதற்கு முந்தைய ஓரிரு வாரங்கள் கொடுத்தால் போதும்.

அடுத்த முறை முடிச்சில்லா வலை போடுங்கள். முந்தைய நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுங்கள். கையையும் தொட்டியையும் நனைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் புண் வந்தால் நீரின் அம்மோனியாவைச் சோதித்து, தோலில் மீன்பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிபயாட்டிக்கை, புண்ணிலிருந்து எடுத்த மாதிரியைப் பரிசோதிக்காமல் தொடவே வேண்டாம்.