ஷேவ் செய்த இடத்தில் எரிச்சல், கட்டி, கருமை: கேட்டவையும் என் பதில்களும்

ஷேவிங்கால் வரும் தோல் தொந்தரவுகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தோல் மருத்துவராக நான் தினமும் பார்க்கிற விஷயம் இது, ஆனால் நிறையப் பேர் இதை ஒரு நோயாகவே நினைக்காமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

டாக்டர், ஷேவ் செய்ததும் கழுத்து சிவந்து எரிகிறது, மறுநாள் சரியாகிவிடுகிறது. ஆனால் கூடவே சின்னச் சின்னக் கட்டிகள் வந்து வாரக்கணக்கில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? (கோவை, வயது 24)

இல்லை, வேறு வேறு. உடனே வருகிற எரிச்சல், பிளேடு மேல்தோலைச் சுரண்டியதால் வருவது. ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும். கட்டிகள் விஷயம் வேறு. சுருள்முடியை ஒட்ட வெட்டும்போது அதன் நுனி ஊசி போலக் கூராகிவிடுகிறது. அது வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு இறங்கும், சில சமயம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். உடம்பு அதை முள் குத்தின மாதிரி எடுத்துக்கொண்டு சுற்றிலும் வீங்குகிறது. தாடை, கழுத்து என்று முடி திசை மாறி மாறி வளர்கிற இடங்களில் அதிகம் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு: முடி வேர்க்காலில் கிருமி புகுந்து, நடுவில் முடியோடு சீழ்க் கொப்புளமாக நிற்பது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கிரீமைத் தடவுவதால்தான் பலருக்குக் குணமாவதில்லை.

போலீஸ் பயிற்சியில் இருக்கிறேன், தினமும் ஷேவ் செய்தே ஆக வேண்டும். கழுத்து முழுக்கக் கட்டி, ரத்தம் வருகிறது. என்ன செய்வது சார்?

உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இதற்கு முதல் மருந்தே ஷேவ் செய்யாமல் இருப்பதுதான். மூன்று நான்கு வாரம் விட்டால் முடி ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்ந்து, உள்ளே மாட்டியிருப்பது தானாகவே வில் மாதிரி விடுபட்டு வெளியே வந்துவிடும். முதல் ஒரு வாரம் கூடுதலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். உங்கள் பயிற்சி மையத்து மருத்துவரிடம் காட்டிச் சான்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களுக்கு இதே பிரச்சினை மிக அதிகம், மருத்துவச் சான்றின் பேரில் அவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகவே விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள்.

விலக்கு கிடைக்காவிட்டால், ட்ரிம்மர் வைத்து ஒரு மில்லிமீட்டருக்குள் முடி நிற்கிற மாதிரி எடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஷேவ் செய்த மாதிரிதான் இருக்கும். அதுவும் முடியாது, ரேசர்தான் என்றால் குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். காய்ந்த முடி கம்பி மாதிரி இருக்கும், இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறினால் மிருதுவாகி, வெட்டக் குறைந்த அழுத்தம் போதும். ஜெல்லோ கிரீமோ தடவி ஒரு நிமிடம் விடுங்கள். கழுத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவினால் வழுக்கிப் போகிறதோ அதுதான் முடி வளரும் திசை, பிளேடும் அந்தப் பக்கமே போக வேண்டும். சிலருக்குக் கழுத்தில் கீழிருந்து மேலே வளரும், அவர்கள் வழக்கம் போல மேலிருந்து கீழே இழுத்தால் அதுவே எதிர்த்திசை. தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அப்புறம் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். கையால் தடவினால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். அந்தச் சொரசொரப்பை எடுக்கப் போகும்போதுதான் கட்டி வருகிறது.

ஐந்து பிளேடு உள்ள விலை கூடின ரேசர் வாங்கியும் கட்டி நிற்கவில்லையே?

கட்டி வருகிற தோலுக்கு அது எதிரி. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்து மேலே இழுக்கும், அடுத்தது வெட்டும், மீதி முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். மழமழவென்று இருப்பது அதனால்தான், உள்ளேயே வளைந்து குத்துவதும் அதனால்தான். சாதாரண ஒற்றை பிளேடு ரேசர் போதும். ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் ஒரு பிளேடு வேண்டாம், முடி அடர்த்தியாக இருந்தால் அதற்கு முன்னாலேயே மாற்றுங்கள். ரேசரைக் குளியலறைக்குள் ஈரத்தில் போட்டு வைக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். போட்டால் ஒரே நாளில் போய்விடுகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. எட்டு மாதமாகப் போடுகிறேன். தொடரலாமா? (திருச்சி, வயது 29)

தயவுசெய்து அந்த ட்யூபின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரே நாளில் சிவப்பு அடங்குவது அதனால்தான். மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி வெளியே தெரியும், பரு வரும், முடிகூடக் கூடுதலாக வளரும், வெயிலில் இறங்கினாலே முகம் எரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும், அதைப் பார்த்து மறுபடியும் தடவுவீர்கள். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வருகிற பையன்களையும் பெண்களையும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அவர்கள் மேல் இல்லை, சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தின் மேல். 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தாயிற்று, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

எட்டு மாதம் ஆகிவிட்டதால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாமல் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார். ஷேவிங் எரிச்சலுக்கு ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. கடுமையாக இருந்தால் நாங்களே மிதமான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளுக்கு எழுதுவோம். கட்டிகளுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், சாலிசிலிக் அமிலம் மாதிரியானவை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் பயந்துபோய் வந்து கேட்பார்கள்.

படிகாரம், எலுமிச்சை, கற்றாழை, ஆஃப்டர் ஷேவ், கிருமிநாசினி, இதில் எது போடலாம்?

படிகாரம் வெட்டுக்காயத்தில் ரத்தத்தை நிறுத்தும், அதற்கு மட்டும் அந்த இடத்தில் ஒற்றி எடுக்கலாம். முகம் முழுக்கத் தேய்த்தால் வறண்டு எரியும். கற்றாழை பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கும், செடியிலிருந்து எடுத்தால் வெட்டின இடத்தில் வழிகிற மஞ்சள் பாலை முழுக்க வடித்துவிட்டு உள்ளிருக்கும் ஜெல்லை மட்டும் எடுங்கள். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும். ஆல்கஹால் உள்ள ஆஃப்டர் ஷேவ் சுரண்டிய தோலை இன்னும் புண்ணாக்கும். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் தடவித் தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எரியும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் போடுங்கள், அதுவே பாதி வைத்தியம்.

சலூன் வைத்திருக்கிறேன். பாதி பிளேடு ஒடித்து ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் போடுகிறேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. பிளேடு மாற்றுவதுதான் முக்கியம், மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகள் ரத்தத்தின் வழியாகப் பரவும். ஆனால் பிளேடை மாற்றிவிட்டு, ஒரே படிகாரக் கட்டியை வருகிறவர்கள் எல்லோருக்கும் தேய்த்தால் அதே ரத்தம் அடுத்தவர் வெட்டுக்காயத்துக்குப் போகிறது. கட்டிக்குப் பதில் பொடியாக வைத்துக்கொண்டு, ஒரு துளி பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சை எறிந்துவிடுங்கள். பிளேடு மாட்டும் பிடியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமிநாசினியில் போடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. பிரஷ்ஷுக்குப் பதில் கையால் நுரை போடலாம். முகத்தில் மருவோ சீழ்க் கொப்புளமோ இருக்கிறவருக்கு ரேசர் வைக்காமல் மெஷினில் எடுத்துவிடுங்கள், ஒரு மருவின் மேல் பிளேடு போனால் அந்தக் கோடு முழுக்க மரு முளைக்கும். கழுத்தில் கட்டி உள்ளவர் கேட்டாலும் ரிவர்ஸ், அதாவது முடிக்கு எதிர்த்திசையில், போடாதீர்கள். என் பேச்சைவிட உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார்.

முடியை மழித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

வளராது. 1928-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நுனி மழுங்கலாக வெட்டுப்படுவதால் தடிமனாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அக்குளில் ஷேவ் செய்து செய்து கறுத்துவிட்டது. கையில்லாத உடை போடவே கூச்சமாக இருக்கிறது. (மதுரை, கல்லூரி மாணவி)

கூச்சப்பட வேண்டாம் அம்மா, நம் தோல் நிறத்துக்கு எங்கே எரிச்சல் வந்தாலும் ஆறும்போது கருமையை விட்டுவிட்டுத்தான் போகும். முதலில் எரிச்சலை நிறுத்த வேண்டும். இரவில் ஷேவ் செய்யுங்கள், ரோல் ஆன் மறுநாள் போடுங்கள், உடனே போட்டால் எரியும். முடி எடுக்கும் கிரீமுக்கு மாறுவதானால் கையில் ஒரு சிறு இடத்தில் போட்டு ஒரு நாள் பாருங்கள். ஸ்க்ரப், பீர்க்கங்காய் நார், பேக்கிங் சோடா எதுவும் வேண்டாம், தேய்க்கத் தேய்க்கக் கருமை கூடும். மங்குவதற்குப் பல மாதம் ஆகும். கழுத்தும் சேர்ந்து வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது ஷேவிங்கால் வந்தது அல்ல, சர்க்கரை பார்க்க வேண்டும். முகத்திலும் தாடையிலும் முடி புதிதாக அதிகம் வளர்ந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் ஹார்மோன் சோதனை செய்யுங்கள்.

பழனியில் ஒன்றரை வயது மகனுக்கு மொட்டை போட்டோம், சந்தனம் பூசினோம். மூன்றாம் நாள் தலை முழுக்கச் சிவப்புப் பொரி.

குழந்தையின் தலைத்தோல் மெல்லியது, மழித்ததுமே வெயில், அதன் மேல் சந்தனம். கடைப் பொடியில் நிறமும் வாசனையும் கலந்திருந்தால் அதுவே ஒவ்வாமையைக் கிளப்பும். இப்போதைக்கு வெறும் நீரில் கழுவி, வெள்ளை வேட்டித் துணி மாதிரி மெல்லியதாக ஏதாவது தலையில் கட்டி, வெயில் படாமல் பாருங்கள். சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பின்கழுத்தில் நெறி கட்டினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இனி வேண்டுதல் இருந்தால் கட்டைச் சந்தனத்தை வீட்டிலேயே இழைத்து எடுத்துப் போங்கள், பிளேடு புதிதுதானா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள்.

பிடரியில் கட்டிகள் வந்து கெட்டியாகிவிட்டன, அந்த இடத்தில் முடியே இல்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவெட்டும்போது பின்கழுத்தை ஒட்ட மழிப்பதும், காலர் உரசுவதும் இதைக் கூட்டும். ஆரம்பத்திலேயே வந்தால் மாத்திரை, ஊசி என்று அடக்கலாம். தழும்பு தடித்த பிறகு அறுவை சிகிச்சை வரை போகும். இன்றிலிருந்து பின்கழுத்தில் பிளேடு வேண்டாம் என்று சலூனில் சொல்லிவிடுங்கள்.

தாடியில் வட்டமாக அரிக்கிறது, ஓரம் மட்டும் சிவப்பு.

அது படர்தாமரையாக இருக்கலாம். ஷேவ் செய்து பரப்பாமல் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டால் பல மடங்கு பரவும்.

லேசர் செய்தால் நிரந்தரமாகத் தீருமா? ஊசியால் உள்முடியை நானே எடுக்கிறேன், தப்பா?

கட்டி விடாமல் வருகிறவர்களுக்கு லேசர் நல்ல வழி. மாநிற, கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை பாதுகாப்பானது, வேறு வகைகளில் தோல் வெந்து கறுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் எந்த மெஷின் என்று கேட்டுவிட்டுப் படுங்கள். நாலு முதல் ஆறு வார இடைவெளியில் பல முறை போக வேண்டும். முடி வெகுவாகக் குறையும், அப்படியே அற்றுப்போகும் என்று சொல்ல மாட்டேன். ஊசி விஷயத்தில், முடி வளையம் தோலுக்கு மேலே தெரிந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு நுனியை மட்டும் வெளியே தூக்கிவிடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த முடி உள்ளேயிருந்தே குத்திக்கொண்டு வரும். மேலே தெரியாத முடியைத் தோண்டவும் வேண்டாம்.