பூனை பெயரில் ஏறும் கடன்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். இரண்டு ஆண்டுக்கு முன் கடனில் ஒரு கேரவன் வாங்கினோம். எங்கள் இரண்டு பூனைகளையும் ஏற்றிக்கொண்டு ஆண்டில் பாதி நாள் சாலையில்தான் இருக்கிறோம். பூனைகளால் இவ்வளவு செலவு வரும் என்று அப்போது நினைக்கவில்லை. வெயிலுக்காக பேட்டரியும் சோலாரும், ஆண் பூனை வாந்தி எடுப்பதால் குலுக்கலைக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷன், அப்புறம் அவை வெளியே உட்கார வலைக்கூண்டு, கூடவே எக்ஸ்டெண்டட் வாரண்டி (நீட்டித்த உத்தரவாதம்) என்று மூன்று முறை டாப்-அப் கடன், அதாவது இருக்கும் கடனுக்கு மேலேயே கூடுதல் கடன், வாங்கிவிட்டோம். வண்டி விற்கும் இடத்தில் வேலை பார்க்கும் என் தம்பிதான் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தான். இப்போது பூனைகளுக்குத் தனி அறை உள்ள பெரிய வண்டிக்கு மாறச் சொல்கிறான். பழைய கடனைப் புதுக் கடனில் சேர்த்துவிடலாமாம், தவணை கால் பங்குதான் கூடுமாம். மகளோ, பூனைகளை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்கிறாள். பென்ஷன் மாதக் கடைசி வரை தாங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பூனைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பெரிய வண்டியும் வேண்டாம். தம்பி நீட்டும் எந்தத் தாளிலும் இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே அச்சில் போட எனக்கு விருப்பமில்லை. அதனால் வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதற்கேற்ப. முன்பணம் 10 போக, கடன் 90. வட்டி 9 சதவீதம், காலம் 15 ஆண்டு. அதற்கு மேல் டாப்-அப் மூன்று: பேட்டரி, சோலாருக்கு 8, சஸ்பென்ஷனுக்கு 4, கூண்டும் வாரண்டியும் சேர்த்து 6. ஆக 18. இதில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று, கடன் தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டாப்-அப்பின் போதும் பழைய பாக்கியையும் சேர்த்துப் புதுக் கடனாக்கி, 15 ஆண்டை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்.

விளைவைப் பாருங்கள். இரண்டு ஆண்டில் நீங்கள் கட்டிய தவணைகளைக் கூட்டினால் சுமார் 23 வருகிறது. அதில் 17 வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது வெறும் 6. இன்றைய பாக்கி 102. அதாவது 100 கொடுத்து வாங்கிய வண்டிக்கு, ஒரு தவணைகூடத் தவறாமல் இரண்டு ஆண்டு கட்டிய பிறகும், விலையைவிட அதிகமாகப் பாக்கி நிற்கிறது. வண்டியை இன்று எடுத்துக்கொண்டால் 72 தரலாம் என்று தம்பியே சொல்லியிருக்கிறார். ஆண் பூனைக்கு வயது 9 என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் முடிய இன்னும் 14 ஆண்டுக்கு மேல் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அப்போது 78 வயது நெருங்கியிருக்கும்.

உங்களைக் கடிக்கிற பழக்கம் இந்த டாப்-அப்தான், பூனை அல்ல. சாலையில் ஏதாவது ஒரு சங்கடம் வந்தால் உடனே ஒரு சாமான், அந்தச் சாமானுக்கு ஒரு டாப்-அப், கேட்டால் ‘பூனைக்காக’ என்ற ஒரு சொல். நீங்கள் நோட்டில் ‘பூனைச் செலவு’ என்று தலைப்புப் போட்டு எழுதி, படம் எடுத்து அனுப்பிய பக்கத்தைக் கூட்டினேன். 21½ வந்தது. அதில் தீவனம், லிட்டர் (பூனை மலஜலம் கழிக்கும் மணல்), தடுப்பூசி, ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தபோது கட்டிய மருத்துவமனைப் பில் எல்லாம் சேர்த்து 3½ தான். மீதி 18-ம் வண்டிச் சாமான். ‘பூனைகளால் இவ்வளவு செலவு’ என்று மகள் கோபப்படுவதில் நியாயம் இல்லை. அவளுக்கு இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

வாங்கிய சாமானாவது வேலை செய்கிறதா என்றால், அதுவும் அரைகுறைதான். பேட்டரியை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி நான்கு. ஒன்றில் சுமார் 1,280 வாட்-அவர் மின்சாரம் தேங்கும் (1,280 வாட் இழுக்கும் சாதனம் ஒரு மணி நேரம் ஓடும் அளவு), நான்கிலும் 5,120. கூரை ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் உச்சி வெயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கும். கூரையில் 400 வாட் சோலார். மேகமே இல்லாத கோடை நாளில் அது 1,600 முதல் 2,000 வாட்-அவர் தரும். ஏசிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதில்தான் ஃப்ரிட்ஜும் விளக்கும் ஓட வேண்டும். ‘பூனைகளை உள்ளே விட்டுவிட்டு நாள் முழுக்க ஊர் சுற்றலாம்’ என்று சொல்லி விற்றவர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

நிறுத்திய கார்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெயிலில் நின்ற அரை மணி நேரத்திலேயே உள்ளே சுமார் 18 டிகிரி செல்சியஸ் ஏறிவிடுகிறது, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கேரவனில் சற்று மெதுவாக ஏறலாம், ஆனால் ஏறும். எனவே வெயில் காலத்தில் மின் இணைப்பு உள்ள முகாமில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை, பேட்டரி இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. அங்கேயும் கரண்ட் போகும். அதனால் உங்களில் ஒருவர் ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். வெப்பத்தை அளந்து கைபேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி விலை மலிவுதான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது வாய் திறக்காது.

சஸ்பென்ஷன் கதை இன்னும் வருத்தம். பூனை வாந்தி எடுத்தது என்று வண்டியின் அடிப்பாகத்தையே மாற்றியிருக்கிறீர்கள். நீங்களே எழுதியபடி, இன்னமும் எடுக்கிறது. கால்நடை மருத்துவரிடம் கேட்டீர்களா என்று கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. வண்டிப் பயண வாந்திக்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது, பதற்றத்துக்கு கபாபென்டின் கொடுக்கிறார்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கைவசம் இருக்கிறதே என்று நம் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கிளம்பும் முன் சில மணி நேரம் தீவனம் வைக்காமல், கேரியரை சீட் பெல்ட்டில் நகராமல் கட்டி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினால் பல பூனைகள் அமைதியாகிவிடும். ஒரு முறை மருத்துவரைப் பார்க்கும் செலவு, நீங்கள் போட்ட 4-ல் சிறு துளி. அந்த 4-க்கும் 15 ஆண்டு வட்டி சேர்த்துக் கட்டப்போவது 7-க்கு மேல். மொத்த டாப்-அப் 18-க்கு, கடைசித் தவணை முடியும்போது கொடுத்திருப்பது 33.

கூண்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அதைக் கைக்காசில் வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, தம்பியின் புதுத் திட்டம். புது வண்டி 115. உங்கள் வண்டிக்கு 72 கழிப்பார், ஆனால் உங்கள் கடன் 102. இடைவெளி 30. அந்த 30-ஐப் புதுக் கடனில் ஏற்றினால் 145. அதே 9 சதவீதம், இப்போது 20 ஆண்டு. மாதத் தவணை 1.04-லிருந்து சுமார் 1.30 ஆகிறது. கால் பங்குதான் கூடுகிறது. அவர் சொன்னது பொய் இல்லை. சொல்லாமல் விட்டது, 240 தவணையையும் கூட்டினால் 313 வரும் என்பதை. 115 பெறுமான வண்டிக்கு 313. தவிர, வாசலைத் தாண்டியதுமே அது பழைய வண்டி. நாளைக்கே விற்க நினைத்தாலும் கடனை அடைக்கும் விலை கிடைக்காது. பூனைக்குத் தனி அறை எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. பூனை புது இடத்தில் தேடுவது பெரிய அறையை அல்ல, ஒளிந்துகொள்ள ஒரு மூலையை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி போதும்.

தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு, அது அவர் பிழைப்பு. ஆனால் அக்கா என்ற உரிமையில் அவர் பேசும்போது, நீங்கள் வாங்குபவர் என்பதை மறந்துவிடுகிறீர்கள். அடுத்த முறை வந்தால் காபி கொடுங்கள், ‘தவணை எவ்வளவு என்று சொல்லாதே தம்பி, கடைசி வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக் கொடு’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தாலும் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாறுகிறோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு ஓட்டம் யாருக்காக? பூனை இடத்தோடு பழகும் பிராணி. புது இடத்தின் வாசனை பழகுவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு ஏற்கெனவே ஒரு முறை வந்திருக்கிறது. அந்தத் தொல்லைக்கு மன அழுத்தமும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், திரும்ப வரவும் கூடும். லிட்டர் பாக்ஸில் ஏறி ஏறி உட்கார்ந்தும் சொட்டு வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ஒரே இடத்தில் மூன்று வாரம், ஒரு மாதம் என்று தங்குங்கள். பல முகாம்களில் மாத வாடகை, நாள் வாடகையைக் கூட்டியதைவிடக் குறைவு. எரிபொருளுக்கு மாதம் 0.4 ஆகிறது என்கிறீர்கள், அது பாதியாகும். இடவாடகையில் மிச்சமாவதையும் சேர்த்தால் மாதம் 0.3 கையில் நிற்கும் என்பது என் கணிப்பு.

முதல் மூன்று நான்கு மாதம் இந்த 0.3-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். போன முறை மருத்துவமனையில் கட்டியது ஏறக்குறைய 1 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு சேரும் வரை. அது அந்தப் பூனையின் அவசரப் பணம், டயர் வாங்க அதைத் தொடக்கூடாது. செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆண் பூனைக்கு எடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஏற்கெனவே வந்த நோயைப் பொதுவாக அதில் விலக்கிவிடுவார்கள். உங்களுக்குப் பயம் அந்த ஒரு நோய்தான். பெண் பூனைக்கு வேண்டுமானால் விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு யோசியுங்கள்.

அவசரப் பணம் சேர்ந்ததும், அதே 0.3-ஐ மாதாமாதம் தவணையோடு கூடுதலாகக் கட்டுங்கள். கட்டும்போது ‘அசலில் கழிக்கவும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துக்கொள்ளக்கூடும், அப்போது வட்டி குறையாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். அபராதம் இல்லையென்றால் கணக்கு இப்படி: இப்போதைய வேகத்தில் இந்த 102-க்கு மொத்தம் 186 கட்டுவீர்கள். கூடுதலாக 0.3 கட்டினால் சுமார் ஒன்பதரை ஆண்டில் முடிந்துவிடும், மொத்தம் 152. மிச்சம் 34. நீங்கள் டாப்-அப் போட்டு இழக்கவிருந்ததற்கு அது ஏறக்குறைய ஈடு.

விற்றுவிடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இன்று விற்றால் 30-ஐக் கையிலிருந்து போட வேண்டும். அந்த அளவு டெபாசிட் உங்களிடம் இல்லை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து இடைவெளி சுருங்கியதா என்று பார்த்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிற நான், ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொல்வேன். வண்டி விபத்தில் முழுதாக நாசமானால் காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை விலையைத்தான் தரும். 72 வரும், கடன் 102 நிற்கும். அந்த இடைவெளியை ஈடுகட்டும் கூடுதல் காப்பீடு சில இடங்களில் கிடைக்கிறது. கிடைத்தால், கட்டணத்தைக் கையிலிருந்து கட்டுங்கள். கடனில் சேர்க்க விடாதீர்கள்.

கடைசியாக அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி. போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. இந்த மாதிரி ஒப்பந்தங்களில் தேய்மானமும் நீர்க்கசிவும் பெரும்பாலும் விலக்கில் இருக்கும், கேரவனில் அடிக்கடி வரும் தொல்லையோ அவைதான். ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கான பணம் திரும்பும் என்று ஒரு பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் தம்பி மூலம் போகாமல் நீங்களே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். திரும்பும் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும்.