செய்தி ஒளிபரப்பைப் பகடி செய்யும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் சிறந்தது எது, ஏன்?

என்னைக் கேட்டால், பிபிசி 2 அலைவரிசையில் 1994 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆறே பகுதிகளாக வெளிவந்த ‘தி டே டுடே’ என்ற பிரிட்டிஷ் நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு எத்தனையோ நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அதைப் போல என் காதையும் கண்ணையும் திருத்தியது வேறொன்றில்லை.

செய்திப் பகடியில் இரண்டு வழிகள் உண்டு. அன்றன்றைய அரசியல் நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு கேலி செய்வது ஒன்று. 1962-இல் பிபிசியில் தொடங்கிய ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’ முதல், ஜான் ஸ்டூவர்ட் 1999-இல் பொறுப்பேற்ற பிறகான அமெரிக்க ‘டெய்லி ஷோ’ வரை பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. இன்னொரு வழி, செய்தி வாசிக்கப்படும் முறையையே பகடி செய்வது. கிறிஸ் மோரிஸும் அர்மாண்டோ யனூச்சியும் உருவாக்கிய ‘தி டே டுடே’ இந்த இரண்டாம் வழியில் சென்றது. உண்மையான அரசியல் நிகழ்வு எதையும் அது பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை என்பதால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது பழையதாகவில்லை என்று நினைக்கிறேன்.

அதில் ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் ஒரு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன; இரு தரப்பினரும் நேரலையில் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செய்தி வாசிப்பாளராக நடிக்கும் மோரிஸ், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சற்றே திரித்துச் சொல்லிச் சொல்லி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் அவர்களைப் போர் அறிவிக்க வைத்துவிடுகிறார். அந்த நொடியில் அவர் முகத்தில் தோன்றும் நிறைவைக் கவனிக்க வேண்டும். உடனே அரங்கம் மாறுகிறது, போருக்கென்றே இசை வருகிறது, ‘ஆஸ்திரேலிய – ஹாங்காங் எல்லை’யிலிருந்து செய்தியாளர் பேசத் தொடங்குகிறார். அப்படி ஓர் எல்லையே உலகில் இல்லை. நடுவில் கடல்தான் இருக்கிறது. ஆனால் முதன்முறை பார்த்தபோது அது எனக்கு உடனே உறைக்கவில்லை. குரலில் இருந்த அவசரமும் திரையில் சுழன்ற எழுத்துகளும் என்னை நம்ப வைத்திருந்தன. பின்னொரு நாள் ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பார்த்தேன். உண்மையான போர்ச் செய்தி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தறிய என்னால் முடியவில்லை. 1991 வளைகுடாப் போரின் நேரலை ஒளிபரப்பு மக்கள் நினைவில் பசுமையாக இருந்த காலத்தில் வந்த காட்சி இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் துணிவு விளங்கும்.

பாட்ரிக் மார்பர் நடித்த பொருளாதாரச் செய்தியாளர் பாத்திரமும் அப்படித்தான். ஜெர்மன் அமைச்சர் ஒருவர் அதிருப்தி தெரிவித்தார் என்று அவர் உறுதியாகச் சொல்வார். எந்த மொழியில் சொன்னார், அதை அந்த மொழியிலேயே சொல்லுங்கள் என்று மோரிஸ் விடாமல் கேட்கக் கேட்க, அந்தச் செய்தியாளருக்கு ஜெர்மன் மொழியே தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும். ஸ்டீவ் கூகனின் ஆலன் பார்ட்ரிட்ஜ் என்ற புகழ்பெற்ற பாத்திரமும் இதில் விளையாட்டுச் செய்தி வழங்கியவர்தான். இவர்களில் பலர் முன்பே 1991–92-இல் ‘ஆன் தி அவர்’ என்ற வானொலி நிகழ்ச்சியில் ஒன்றாக உழைத்தவர்கள். செய்தியின் ஏற்ற இறக்கத்தை இவ்வளவு நுட்பமாகப் பிடித்ததற்கு அந்தக் குரல் பயிற்சியே காரணம் என்பது என் கருத்து.

மோரிஸ் பின்னர் 1997-இல் சேனல் 4-இல் வழங்கிய ‘பிராஸ் ஐ’ இன்னும் கடுமையானது. ‘கேக்’ என்ற, இல்லாத போதைப்பொருள் ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு எதிராகப் பேசும்படி பிரபலங்களை அணுகினார்கள். பெரிய மஞ்சள் மாத்திரை ஒன்றைக் கையில் ஏந்தி அவர்கள் கேமராவைப் பார்த்து எச்சரித்தார்கள். டேவிட் அமெஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1996-இல் அவையிலேயே அதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். நல்லெண்ணத்தோடு பேச வந்த ஒருவரை இப்படி ஏமாற்றுவது முறையா என்ற தயக்கம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் ‘பிராஸ் ஐ’யை முதலிடத்தில் வைக்கவில்லை. ‘தி டே டுடே’ பெரும்பாலும் தன் நடிகர்களையும் எழுத்தையும் இசையையும் கொண்டே அந்த வேலையைச் செய்து முடித்தது.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நான் சொன்ன போர்க் காட்சி அதில்தான் வருகிறது. முதலில் ஒலியோடு பாருங்கள், பிறகு ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள்.