அரை மராத்தானை முடித்த பிறகு ஓடவே பிடிக்கவில்லை. ஆர்வத்தை எப்படித் தக்கவைப்பது?

ஜனவரியில் முதல் அரை மராத்தானை ஓடினீர்கள், நினைத்தபடி இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள், அதற்குப் பிறகு அலாரம் அடித்தாலும் எழ மனமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வயதும் ஊரும் சொல்லவில்லை. முப்பதைக் கடந்தவர், உட்கார்ந்த இடத்து வேலை, இணையத்தில் எடுத்த பயிற்சி அட்டவணை, கையில் ஜி.பி.எஸ். வாட்ச் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே பதில் எழுதிய பலரும் "ஒழுக்கம்தான் முக்கியம், மனம் வராவிட்டாலும் எழுந்து ஓடு" என்கிறார்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பயிற்சியாளர் இல்லை. திருவரங்கத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்தேழு. நாற்பதுக்கு மேல்தான் ஓடத் தொடங்கினேன். முழு மராத்தானும் ஓடியிருக்கிறேன், ஐந்தரை மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. இதைக் கேட்டவுடன் "அது ஓட்டமா, நடையா" என்று சிலர் எழுதுவார்கள் என்பது தெரியும். 42.195 கிலோமீட்டர் எல்லோருக்கும் ஒரே தூரம்தான் என்பது அவர்களுக்கு என் பதில்.

உங்களுக்கு வந்திருப்பது சோம்பல் இல்லை என்றே நினைக்கிறேன். இலக்கு நேரத்துக்காகவே மாதக்கணக்கில் ஓடினால் ஒவ்வொரு காலையும் ஒரு பரீட்சை ஆகிவிடுகிறது. பரீட்சை முடிந்த பிறகும் யாராவது விரும்பி அந்தப் புத்தகத்தைத் திறப்பார்களா? வகுப்பில் நான் ஆண்டுதோறும் பார்ப்பது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையவழிப் பயிற்சியாளர் ஒருவரிடம் பணம் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நல்ல ஓட்டக்காரர், இளைஞர். அவர் அனுப்பிய அட்டவணையில் எந்தக் கிழமை, எத்தனை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் எல்லாம் இருந்தன, ஊர் மட்டும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே காற்று வெந்து கிடக்கும். ஆற்றங்கரையில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் போக, தசைக்கும் அனுப்ப வேண்டிய இதயம் அதே வேகத்துக்கே கூடுதலாகத் துடிக்கும். அறிவியல் ஆசிரியைக்கு இது பாடம்தான். அவரிடம் இதைச் சொல்லி, "மார்கழியில் ஓடும் வேகத்தைச் சித்திரையில் கேட்காதீர்கள், தம்பி" என்று எழுதினேன். "உங்களிடம் அர்ப்பணிப்பு இல்லை மேடம், சாக்குச் சொல்லும் மனநிலை இது" என்று பதில் வந்தது.

காலை நாலு மணிக்கு எழுந்து, ஓடி, வந்து சமைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, எட்டேகாலுக்குப் பள்ளியில் நிற்கிற ஒருத்தியிடம் அர்ப்பணிப்பு இல்லை என்று அந்தப் பிள்ளை எழுதினார். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. மறுநாளே அந்த அட்டவணையை விட்டேன். ஓட்டத்தை விடவில்லை.

அதன்பின் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை கூட வரத் தொடங்கினார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "அக்கா, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்." இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறோம்.

இது முடியாதவர்கள் கண்டுபிடித்த சமாதானம் என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட 22 மைல் மலைப்பாதைச் சுற்றில் ஓடவிட்டவர். அந்த ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அதே லிடியார்ட்தான் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் இதய நோய் கண்டவர்களையும் சேர்த்து, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடவைத்தார். 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் ஐம்பதைக் கடந்தவர். மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் அவரோடு பேசிக்கொண்டே ஓட, பவர்மேன் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். பிறகு ஊர் திரும்பி ஒரிகனில் பொதுமக்களுக்கு மெதுவோட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர்.

மெதுவாக ஓடினால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஓடுகிற இடம் கிடைக்கும் என்பேன். நாங்கள் பெரும்பாலும் சித்திரை வீதிகளையும் உத்திர வீதிகளையும் சுற்றுகிறோம். மார்கழியில் வாசல் தெளித்த ஈரம் காலில் படும். அகல் வெளிச்சத்தில் குனிந்து கோலம் போடுகிறவர்கள் நாங்கள் வரும் காலடிச் சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தாமலே கையால் "அந்தப் பக்கம்" என்று காட்டுவார்கள். கோலத்தை மிதிக்காமல் வீதியின் நடுவுக்கு ஒதுங்கி ஓடுவோம். நான் வேகம் பார்த்து ஓடிய காலத்திலும் அந்த அகல்கள் இருந்திருக்கும். ஒன்றுகூட நினைவில் இல்லை.

இன்னொன்று காவிரி. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி வழக்கப்படி திறக்கும் ஆண்டுகளில், சில நாளில் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டி இங்கே வந்துவிடும். ஒரு முறை அது வரும்போதே அம்மா மண்டபம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். வெள்ளம் போல வரவில்லை. நுரையும் சருகும் வாழைமட்டையும் முன்னே தள்ளிக்கொண்டு, மணலில் பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து நிரப்பிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வந்தது. கரையிலேயே அதனோடு கூட நடந்தோம். அன்றைய ஓட்டம் பாதியில் நின்றது. ஓட வராவிட்டால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

வேகமாக ஓட வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகத்தில் மகிழ்ச்சி காண்கிறவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். எங்கள் கணக்கு ஆசிரியையே வாரத்தில் ஒரு நாள் என்னை விட்டுவிட்டுத் தனியாக விரைந்து ஓடுவார். அது அவர் விருப்பத்தில் வருவது.

பந்தயங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் ஆண்டுக்கு ஒன்று போதும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஊரில் நடந்த ஓட்டத்தில் பெண்களுக்கென்று இரண்டே கழிப்பறை. நாங்கள் வரிசையில் நிற்கும்போதே ஓட்டம் தொடங்கிவிட்டது. ஆண்கள் எங்கேயோ சுவர் ஓரம் ஒதுங்கிவிட்டு வந்து ஓடுகிறார்கள். நாங்கள்? முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடித்துவிட்டு, வெயிலில் 21 கிலோமீட்டர் ஓடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று ஏற்பாட்டாளர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். அது உயிருக்கே ஆபத்து. 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தானே கிடையாது. அப்போது எனக்கு ஆறு வயது. ஓட அனுமதித்துவிட்டார்கள், எங்களுக்கு வேண்டிய வசதியைச் செய்து தர இன்னும் யோசிக்கிறார்கள். பதக்கத்தின் எடையைக் குறைத்து அந்தப் பணத்தில் நாலு கழிப்பறை கூடுதலாக வையுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று இதை நீக்கச் சொல்லாதீர்கள், நீக்க மாட்டேன்.

முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஏறத்தாழ 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் ஏறத்தாழ 10 சதவீதம். வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லாதபோது பயப்பட வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரம் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேசப் பிடித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊரில் நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு தெருவுக்கோ குளக்கரைக்கோ ஓடிப் போங்கள். களைத்தால் நடங்கள், டீக்கடை வந்தால் நில்லுங்கள். அடுத்த வாரமும் போகத் தோன்றினால் மட்டும் போங்கள். தோன்றவில்லை என்றால் நீச்சலோ சைக்கிளோ பழகுங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஓட்டம் யாருக்கும் கடமை ஆகாது.

ஆடிப்பெருக்கு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் திருவானைக்காவலில் தொடங்கி, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கல்லணை வரை ஓட இருக்கிறோம். திரும்புவது பஸ்ஸில்தான். காலை நாலரைக்குக் கிளம்புவோம், யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். திருச்சிப் பக்கம் இருப்பவர் என்றால் கருத்தில் எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.