கப்பலில் யாருக்கு இடம்?

கேள்வி: சர்ச்சில், ரூஸ்வெல்ட் இருவரின் நட்புதான் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளை ஜெயிக்க வைத்தது என்று படித்தேன். நாடுகள் அப்படி ஒத்துழைத்தால் பஞ்சம் என்பதே வராது அல்லவா?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தப் போரில் எல்லாவற்றையும் விட அரிதான பொருள் சரக்குக் கப்பலில் இடம். அதை யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டவை, பாடப்புத்தகங்களில் பெயர் கூட வராத அலுவலகங்கள். 1942 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் கப்பலுக்கு ஒன்று, கச்சாப் பொருளுக்கு ஒன்று என்று கூட்டு வாரியங்கள் அமைத்தன. ஜூனில் உணவுக்கும் ஒன்று வந்தது.

இவற்றோடு சேர்த்து நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது கெய்ரோவில் இருந்த ‘மத்திய கிழக்கு வழங்கல் மையம்’. 1941-இல் பிரிட்டன் தொடங்கியது, மறு ஆண்டு அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. மத்தியதரைக் கடல் வழி அடைபட்டு, கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றி வந்த காலம். எகிப்துத் துறைமுகங்களில் ராணுவச் சரக்கும் மக்களுக்கான சரக்கும் முட்டிக்கொண்டு நின்றன. ராபர்ட் ஜாக்சன் என்ற ஆஸ்திரேலியக் கடற்படை அதிகாரியிடம் பொறுப்பு போனது. அப்போது அவருக்கு வயது முப்பது. எந்த நாட்டுக்குக் கோதுமை, எதற்கு உரம், எதற்கு மருந்து என்று மையம் வரிசை போட்டது, ஆடம்பரச் சரக்கை வெட்டியது. எகிப்தில் பருத்தி நிலத்தைக் குறைத்துத் தானியம் விதைத்தார்கள். சிரியாவிலும் லெபனானிலும் பதுக்கல்காரர்களை முந்திக்கொண்டு அரசே தானியத்தை வாங்கியது. அரேபியப் பாலைவனத்துக்குள் வெட்டுக்கிளி ஒழிப்புக் குழுக்கள் போயின. முதல் உலகப் போரில் லெபனான் மக்கள் பஞ்சத்தில் ஈசல் போலச் செத்தார்கள். இந்தப் போரில் அங்கே அந்தக் கொடுமை திரும்பவில்லை. இது மகத்தான வேலை, மனமாரப் பாராட்டுகிறேன்.

சரி, அதே காலத்தில் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்ததே, அங்கே என்ன நடந்தது? 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளை அரசே பறிமுதல் செய்தது. படகு போனால் மீனவனுக்கும் குடியானவனுக்கும் பிழைப்பு ஏது? அப்புறம் 1943 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு வரும் கப்பல்களைச் சர்ச்சில் அரசு பெருமளவு வெட்டி அட்லாண்டிக்குக்குத் திருப்பியது. இந்திய விவகார அமைச்சர் ஆமெரி தானியம் கேட்டார், வைஸ்ராய் வேவல் கேட்டார். லண்டன் போர் அமைச்சரவை திரும்பத் திரும்பக் கைவிரித்தது, பிறகும் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் தந்தது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணை ஆணையம். பிற்கால ஆய்வுகள் 30 லட்சம் வரை சொல்கின்றன.

நீங்கள் சொல்லும் அந்த நட்பும் இதில் வருகிறது. ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல் வேண்டும் என்று 1944 ஏப்ரல் 29 அன்று சர்ச்சில் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, ஜூன் 1 அன்று பதில் வந்தது: ராணுவத் தேவை இருக்கிறது, கப்பல் தர இயலாது. அதற்குள் லட்சக்கணக்கான பிணங்கள் விழுந்திருந்தன.

ஆக, ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. கெய்ரோவில் பசியைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தது, ஆளும் இருந்தது. எகிப்தும் சிரியாவும் போர்முனைக்குப் பின்னால் இருந்த படைத்தளம், அங்கே கலகம் வெடித்தால் ராணுவம் தடுமாறும் என்று லண்டன் அஞ்சியது. வங்காளிகளுக்காக அப்படி யாரும் அஞ்சவில்லை. வாஷிங்டனின் உணவு வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் அமெரிக்காவும் பிரிட்டனும், பிறகு கனடாவும். இந்தியாவுக்கு அங்கே நாற்காலி கிடையாது. 1943 நவம்பரில் 44 நாடுகள் கூடிப் போர் நிவாரணத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியபோது இந்தியாவும் கையெழுத்திட்டது, பணமும் கட்டியது. எதிரியிடமிருந்து மீட்கப்பட்ட நாடுகளுக்கு உதவவே அது தொடங்கப்பட்டது. வங்காளம் எதிரி கைக்குப் போகவே இல்லை. கட்டிய பணம் வேறு நாட்டுப் பசிக்குப் போனது.