கவுன்டருக்கு இந்தப் பக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொழிற்கல்விக் கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கிறேன். எங்கள் கல்லூரி இனச் சமத்துவ உறுதிமொழி எடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்குகிறது. அதற்கான குழுவில் நானும் ஒருத்தி. கூடுகிறோம், பேசுகிறோம், கலைகிறோம். உறுதிமொழியைச் செயலாக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்? வேலைவாய்ப்பில் நம் இந்தியப் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று என் வீட்டில் குமுறுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? எங்கள் தமிழ்ச் சங்கம், ஆப்பிரிக்கர் வாழும் பக்கத்து ஊரான இனாண்டா மக்களோடு சேர்ந்து ஓர் ஒற்றுமை உணவுத் திருவிழா நடத்தவும் திட்டமிடுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச., ஃபீனிக்ஸ்

அன்புள்ள ச.,

வேலைவாய்ப்புக் குமுறலை முதலில் முடித்துவிடுவோம். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், முன்னுரிமைக்கு உரியவர்களில் கறுப்பர் என்று குறிப்பிடும்போது ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய மூவரையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வீட்டில் ஒருவராவது அதைப் படித்திருக்கிறார்களா? கணக்கில் அநீதி நடந்திருந்தால் வழக்குப் போடட்டும், நீதிமன்றம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் குமுறுவதற்கு என்னிடம் பதில் கிடையாது.

உறுதிமொழி செயலாகாததும் உங்கள் கல்லூரியின் தனி நோயல்ல. ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழக விடுதியில் வெள்ளை மாணவர்கள் கறுப்பினத் தொழிலாளர்களை இழிவுபடுத்திப் படம் பிடித்தது 2008-இல் வெளியே வந்தபோது, கல்வியாளர் கிரெய்ன் சூடியன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. நாட்டின் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்த அந்தக் குழு, கொள்கை ஏட்டில் ஒன்றாகவும் வளாகத்தில் நடப்பது வேறாகவும் இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனை குழுக்கள், எத்தனை படிவங்கள்! இன்னொரு படிவத்தை நீங்கள் தயாரிக்க வேண்டாம் அம்மா.

கடந்த ஜனவரியில் தெரிந்த பையன் ஒருவனைச் சேர்க்க ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால், ஜூலு நாட்டுப்புறமான நோங்கோமாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், மகளுடன் நின்றார். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மார்போடு அணைத்திருந்தார். கவுன்டரில் நம் ஆள். ஆங்கிலத்தில் எதையோ கேட்டார். பெரியவருக்குப் புரியவில்லை. அதையே இன்னும் உரக்கக் கேட்டார். பிறகு "வேனா ஹம்பா லாப்பா", அதாவது நீ அங்கே போ, என்று கையை நீட்டினார். கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கங்காணிகள் ஏவப் பயன்படுத்திய ஃபனகலோ என்ற அரைகுறை ஜூலு அது. தன் வயதுக்குப் பாதி இருக்கும் ஒருவர் அப்படிச் சொன்னதும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். உதவித்தொகைக் கடிதம் எந்த அறையில் வாங்க வேண்டும், எங்கே கையெழுத்து, எதற்கு நகல் என்று ஜூலுவில் நிதானமாக எடுத்துச் சொன்னாள். வரிசையில் இன்னும் நாலு பேர் அவளைத் தேடி வந்தார்கள். அந்தக் கல்லூரியின் சமத்துவ வேலையை யார் செய்கிறார்கள் என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. அதற்காக அவளுக்கு ஒரு ராண்ட் கூடுதலாகக் கிடைக்காது. எந்தக் குழுவிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது.

என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. டர்பன் காலைச் சந்தையில் கீரையும் பச்சை மிளகாயும் விற்றாள். ஜூலுவில் பேரம் பேசுவாள், சண்டை போடுவாள், இழவு வீட்டில் போய்த் துக்கம் விசாரிப்பாள். ஃபனகலோ அல்ல, முழு ஜூலு. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது. பிள்ளைகளான எங்களுக்கு அது வரவில்லை. இனத்துக்கொரு பகுதி என்று பிரித்த, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் எங்களை ஒரு பக்கமும் ஜூலு மக்களை ஒரு பக்கமும் பிடுங்கி நட்டது. இந்தியர் பள்ளிகளில் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் படித்தோம். ஜூலு பாடப் பட்டியலிலேயே இல்லை. மாகாணத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரியாமல், ஆண்டவர்களின் மொழி இரண்டில் தேர்ச்சி பெற்று வெளியே வந்தோம். அந்த ஏற்பாடு முறிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் தெருப் பள்ளிகள் பலவற்றில் ஆஃப்ரிகான்ஸ்தான் இரண்டாம் மொழி. மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று பெற்றோரே அதைக் கேட்டு வாங்குகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் வாயிலிருந்து பறித்த மொழியைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இப்போது தடையில்லை. சோம்பல்தான் தடை.

குவாசூலு நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்கள் ஜூலு பாடம் ஒன்றில் தேற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. பதினெட்டு வயதுப் பிள்ளை தேர்வு எழுதுகிறது. அதே விதியைக் கவுன்டரில் இருப்பவருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் உங்களுக்கும் உங்கள் முதல்வருக்கும் வையுங்கள். வேலை நேரத்திலேயே வாரம் இரண்டு மணி நேரம், சம்பளத்தோடு. பதவி உயர்வுக்கு அதில் தேர்ச்சி கட்டாயம். வரவு செலவில் அதற்கென்று ஒரு வரி வர வேண்டும். கணக்கியல் கற்பிக்கும் உங்களுக்குத் தெரியாததா, பணம் ஒதுக்காத தீர்மானம் தீர்மானமே அல்ல. துடைப்பத்தோடு மொழிபெயர்க்கும் பெண் உங்கள் கல்லூரியிலும் நிச்சயம் இருப்பாள். அவளைக் கண்டுபிடித்து அந்த வேலைக்குப் பதவியும் ஊதியமும் கொடுங்கள்.

இது வெறும் மொழிப் பாடம்தானே என்று குழுவில் ஒருவர் சொல்வார். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் அதிகம் வாழும் உங்கள் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். சாலையில் தடுப்புகளைப் போட்டு நின்ற நம் இளைஞர்களுக்கு, வந்தவர் யார், எங்கே போகிறார் என்று அவர் மொழியில் கேட்கத் தெரிந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி எடுத்தவனுக்கு மொழி ஒரு பொருட்டல்ல. ஆனால் கூட நின்ற பத்துப் பேருக்கு, எதிரே வருபவர் பக்கத்து ஊர்க்காரர் என்ற எண்ணமே வரவில்லையே. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் அது.

திருவிழா வேண்டாம் என்பேன். பிரியாணி அண்டாவுக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் இனாண்டாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையைச் சனிக்கிழமைதோறும் சங்க மண்டபத்துக்கு அழைக்கலாம். நம் அரசமைப்புச் சட்டம் தமிழைப் பெயர் சொல்லி வளர்க்கச் சொல்கிறது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே நாற்காலிகளில் ஜூலு வகுப்பு நடக்கட்டும். அந்த ஆசிரியைக்கு முறையான சம்பளம் கொடுங்கள். தொண்டாக வாங்காதீர்கள். முதல் வரிசையில் செயற்குழுவினர் உட்கார வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சங்கத்தில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்தான், நான் பேசுகிறேன்.