முதல் உலகப் போரில் தோற்ற பிறகு ஹங்கேரியில் ஏன் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது?

கொள்கைச் சண்டைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் எல்லையைக் காப்பாற்றுவார்களா என்பதுதான் கேள்வியாக இருந்தது, அது அவர்கள் ஒருவர் கையிலும் இல்லை.

1918 அக்டோபர் 31 அன்று புடாபெஸ்டில் புரட்சி. சிப்பாய்கள் தொப்பியில் இருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுச் சின்னத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஆஸ்டர் பூவைச் செருகிக்கொண்டார்கள். அதே நாளில் முன்னாள் பிரதமர் இஸ்த்வான் திஸாவை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆட்சிக்கு வந்த மிஹாய் காரோயி பெரிய நிலப்பிரபு, ஆனால் சொந்த நிலத்தையே குடியானவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கத் தொடங்கியவர். நேச நாடுகள் நியாயமாக நடந்துகொள்ளும் என்று நம்பினார், பாவம். 1919 மார்ச் 20 அன்று விக்ஸ் என்ற பிரெஞ்சு அதிகாரி வந்து, கிழக்கே படையை இன்னும் பின்னால் நகர்த்துங்கள் என்று ஓலையை நீட்டினார். அரசு மறுநாளே காலி.

அப்புறம் நடந்தது இன்னும் விசித்திரம். சமூக ஜனநாயகக் கட்சியினர் சிறைக்கே போய், உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன்னோடு உடன்பாடு போட்டார்கள், அன்றைக்கே சோவியத் குடியரசு பிறந்துவிட்டது. ரஷ்யா உதவிக்கு வரும், நிலம் மிஞ்சும் என்ற நப்பாசையில் கம்யூனிசத்தோடு ஒட்டாத அதிகாரிகள்கூடச் செம்படையில் சேர்ந்தார்கள். வடக்கே செக்கோஸ்லோவாக்கியப் படையை ஜெயித்தும் விட்டார்கள்! ஆனால் பாரிஸில் இருந்து பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ, நீங்கள் அங்கிருந்து விலகினால் கிழக்கே உள்ளே புகுந்திருக்கும் ருமேனியர்களும் விலகுவார்கள் என்றார். குன் விலகினார், ருமேனியர்கள் அசையவில்லை. படையின் மனம் விட்டுப்போனது அங்கேதான்.

கிராமங்களோ முன்பே கைவிட்டிருந்தன. பெரும் பண்ணைகளைக் குன் குடியானவர்களுக்குப் பிரித்துத் தராமல் அரசுடைமை ஆக்கினார், போதாததற்கு அவர் அரசு அடித்த நோட்டை 'வெள்ளைப் பணம்' என்று சொல்லி ஊர்க்காரர்கள் வாங்க மறுத்தார்கள். பழைய 'நீலப் பணம்' இருந்தால்தான் கோழியும் முட்டையும் கிடைக்கும்.

133 நாளில் அதுவும் முடிந்தது. குன் வியன்னாவுக்கு ஓட, தொழிற்சங்கக்காரர் பெய்டலின் அரசு ஒரு வாரம்கூடத் தாங்காமல் கவிழ்க்கப்பட்டது. ருமேனியப் படை தலைநகருக்குள் வந்து நவம்பர் வரை இருந்தது. அவர்கள் கிளம்பியதும் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினார் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த படையின் தலைவர் ஹோர்த்தி, 1920 மார்ச்சில் ராஜாவின் இடத்தில் இருந்து ஆளும் ஆட்சிக் காவலர் ஆனார். கடலே இல்லாத நாட்டுக்கு ஒரு அட்மிரல், ராஜா இல்லாத முடியாட்சி.

சரி, அவராவது நிலத்தைக் காப்பாற்றினாரா என்றால், இல்லை. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை எழுதிக்கொடுத்த டிரியனான் ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூன் 4 அன்று அவர் ஆட்சியில்தான் கையெழுத்தானது. பழி மட்டும் காரோயி தலையிலும் குன் தலையிலும் விழுந்தது, ஹோர்த்தி 1944 வரை பதவியில் இருந்தார்.